சென்னையில் இயற்கைத் தொண்டு: புதிதாக வருபவர்கள் எங்கே, எப்படித் தொடங்கலாம்

"ஏதாவது செய்யணும்னு இருக்கு, யாரைப் போய்ப் பார்க்கிறதுன்னுதான் தெரியல." இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளைச் செல்போனிலிருந்து கொஞ்ச நேரமாவது வெளியே கூட்டிப்போக நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. சென்னையை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழகிய ஊர் இதுதான். ஊருக்கு நடுவே கிண்டியில் ஒரு தேசியப் பூங்கா. தெற்கே பள்ளிக்கரணையில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம். பெசன்ட் நகர் மணலில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. எல்லாமே மாநகரப் பேருந்தில் போய் வரக்கூடிய தூரம்தான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நேராக மரம் நடத் தொடங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் குப்பை பொறுக்க. இரண்டும் தேவையான வேலைதான். ஆனால் முதல் மூன்று மாதத்தைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எது அங்கே எப்போதும் இருக்கிறது, எது புதிதாக வந்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காலையில் யார் அங்கே வேலை செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பார்க்காமல் செய்த நல்ல காரியம் கெடுதலாக முடிந்ததற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் பல இடங்களில் சவுக்கை வரிசையாக நட்டார்கள். அலையைத் தடுக்கும் என்பது எண்ணம். ஆனால் ஆமைக்கு முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். சவுக்கு கரை ஓரம் வரை இறங்கிய இடங்களில் அந்த மணல் சுருங்கியது. மணலைப் பிடித்து வைக்க அங்கே ஏற்கெனவே அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை வெறும் புதர்.

மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

சென்னையில் இயற்கை வேலைக்கு ஒரு பருவக் கணக்கு உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். உள்ளான்கள் அடையாறு முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணையிலும் இறங்கும். செப்டம்பரின் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைத் துப்புரவு நாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வெளிவேலை குறைவு, ஆனால் ஏரிகளையும் கால்வாய்களையும் புரிந்துகொள்ள அதைவிட நல்ல காலம் கிடையாது. ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பும், ஆமை முட்டைகளைத் தேடி இரவில் கரையோரம் நடக்கும் ஆமை நடையும் சேர்ந்தே வரும். மார்ச், ஏப்ரலில் ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போகும். ஏப்ரல், மே வெயிலில் சரக்கொன்றை பூக்கும், மரங்களைப் பார்த்துப் பழகும் மர நடைகளுக்கு ஏற்ற நேரம். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மாதம் எதுவோ அதற்கு ஏற்றதில் நுழையுங்கள். ஜூன் மாதத்தில் ஆமை நடைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டு ஏமாறாதீர்கள்.

ஆமை நடை

புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது இதற்குத்தான். ஒரே இரவில் இவ்வளவு கற்றுத்தரும் வேறு நிகழ்ச்சி இந்த ஊரில் இல்லை.

சென்னைக் கரைக்கு வருவது ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமை. மீனவர்கள் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். 1970-களில் பாம்பு, முதலை ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்த இளைஞர்களும் இந்தக் கரையில் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு (எஸ்.எஸ்.டி.சி.என்.) அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. சீசனில் தினமும் இரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடப்பார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். அறிவிப்பு அவர்களது இணையப் பக்கத்தில் வரும், பார்த்துவிட்டு வாருங்கள்.

இரவு பதினோரு மணிவாக்கில் தொடங்கும், முடிய அதிகாலை ஆகிவிடும். முதல் ஒரு மணி நேரம் பேச்சு: ஆமை யார், ஏன் சாகிறது, மீனவர்களுக்கும் அதற்கும் என்ன உறவு. அதைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். அப்புறம் நடை. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது. கொஞ்ச தூரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அலை வந்து போகும் ஈர மணலில் நடந்தால் கால் புதையாது.

ஆமை ஏறி வந்த தடம் மணலில் இரண்டு பக்கமும் துடுப்பு மாற்றி மாற்றிப் போட்ட கோடுகளாகத் தெரியும். கடலிலிருந்து மேலே ஒரு தடம், திரும்பிப் போன தடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மணல் கிளறிக் கிடக்கும். ஆமை குழியை மூடிவிட்டுத் தன் உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போயிருக்கும், அதனால் குழி எது என்று கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒரு மெல்லிய கோலை மணலில் மெதுவாக இறக்கி இறக்கிப் பார்ப்பார். கெட்டி மணலில் இறங்க மறுக்கும் கோல், ஓர் இடத்தில் சட்டென்று தளர்ந்து இறங்கும். அங்கேதான் முட்டை. பிறகு கையாலேயே தோண்டுவார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழிக்குள், நூறு அல்லது அதற்கும் மேலே முட்டைகள். வெள்ளையாக, உருண்டையாக, தொட்டால் கொஞ்சம் அமுங்கும் தோல் ஓடு.

அதை அந்த இரவே எடுத்தாக வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு முட்டை புரண்டால் கரு பிழைக்காது. எடுத்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைப்பார்கள். 45 முதல் 50 நாளில் குஞ்சுகள் மேலே வரும். மண் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அவை ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது, வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். குஞ்சுகளை விடும் மாலை நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம். ஒரு விஷயம் மட்டும், குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க ஆசைப்படாதீர்கள். ஆமை 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். முட்டையையும் குஞ்சையும் கையாள வனத்துறை அனுமதி உள்ளவர்களுக்கு மட்டுமே உரிமை.

பல இரவுகளில் ஆமையே வராது. செத்த ஆமையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் இரவும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் சாகிறது. அந்தக் காட்சி மனசைப் பிசையும். ஆனாலும் புதியவர்கள் அதையும் பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பார்த்துவிட்டு உடனே மீனவர்களைத் திட்டக் கிளம்பாதீர்கள். கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிற கரைவாசி வேறு, பெரிய இழுவைப் படகு வேறு. இது புரிய வேண்டுமானால் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் ஊரான ஊரூர் குப்பத்தில் காலையில் வலை சரிசெய்யும் அண்ணன்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாடைக் காற்று அடித்தால் கடல் எப்படி இருக்கும், கொண்டல் அடித்தால் என்ன மீன் வரும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

போக்குவரத்து பற்றி ஒரு வார்த்தை. நடை முடியும் நேரத்துக்குப் பேருந்து இருக்காது. விடியும்வரை குழுவோடு கரையிலேயே இருந்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பதே நல்லது. தனியாக வரும் பெண்கள் முதல் முறை ஒரு தோழியைக் கூட்டி வந்தால் நிம்மதி. தண்ணீர், பிஸ்கட், கழற்றிக் கையில் பிடிக்க வசதியான செருப்பு, அடர் நிற உடை. வேறெதுவும் வேண்டாம்.

பறவை எண்ணுவது

இதற்கு வீட்டை விட்டே போக வேண்டியதில்லை. மொட்டை மாடி போதும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும். இரண்டுக்கும் முறை ஒன்றுதான்: குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த, கேட்ட எல்லாப் பறவையையும் எண்ணி, பறவைப் பதிவுக்கான இபேர்ட் செயலியில் பதிய வேண்டும்.

எல்லாப் பறவையையும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதியவர்கள் காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு மீன்கொத்தியை மட்டும் பதிவார்கள். ஆய்வாளருக்குக் காக்கையின் எண்ணிக்கைதான் முக்கியம், ஏனென்றால் ஒரு பொதுவான பறவை குறைவது பத்து வருடக் கணக்கு இருந்தால்தான் தெரியும். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிச் சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து எழுதப்பட்டது. அதில் பெரும்பாலானவர்கள் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள்.

முதல் வாரத்தில் அடையாளம் தெரிந்தவை பத்து இருந்தால் போதும். காகம், அண்டங்காக்கை இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: கழுத்து சாம்பலாக இருப்பது காகம், முழுக்கக் கறுப்பும் தடித்த அலகும் அண்டங்காக்கை. அப்புறம் தவிட்டுக்குருவி, செண்பகம், கரிச்சான், தேன்சிட்டு, தையல்சிட்டு. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே பதியுங்கள். பைனாகுலர் உடனே வாங்க வேண்டாம். குழுவில் ஒருவரிடம் வாங்கிப் பாருங்கள். பிடித்துப்போனால் 8×42 அளவில் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி) ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

கூட்டாகப் பார்க்கப் பள்ளிக்கரணை மாதிரி இடம் இல்லை. சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, கூழைக்கடா, சில வருடம் பூநாரை எல்லாம் தெரியும். ராம்சர் பட்டியலில் அதன் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, சுற்றிலும் அடுக்குமாடிகள். சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகக் கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் மடுவுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். வேளச்சேரியில் ஏன் வெள்ளம் வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இப்போதும் களப் பயணங்கள் நடத்துகிறது. அதில் வரும் மூத்தவர்களோடு ஒரு காலை நடந்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

மர நடையும் மண்வேலையும்

நிழல் அமைப்பு 2005 முதல் சென்னையில் மர நடைகள் நடத்திவருகிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை மரப் பூங்காவாக மாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தன்னார்வலர்கள் களை எடுக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், தழை மூடாக்கு போடலாம். நகரத்தில் மண்ணில் கை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல இடம்.

மரம் நடுவது பற்றி என் கருத்து இது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அலங்காரத்துக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரங்களும், வேரைச் சுற்றிச் சிமென்ட் போட்டு மூச்சை அடைத்த மரங்களும் அதில் நிறைய. எனவே புதிதாக நூறு கன்று நடும் முன், உங்கள் தெருவில் இருக்கும் பத்து மரத்தைக் கவனியுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் இருந்தால் அதை அகற்ற மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளைப் பக்குவமாகப் பிடுங்குங்கள். இரும்புக் கூண்டு மரத்துக்குள் புதையும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். நடுவதானால் புங்கன், வேம்பு, பூவரசு, நாவல். சதுப்புநிலத்திலும் ஏரிக்குள்ளும் யார் கூப்பிட்டாலும் மரம் நடப் போகாதீர்கள். அவை மரமில்லாமல் இருப்பதாலேயே அங்கே உயிர் வாழ்கிறவை ஏராளம்.

துப்புரவுப் பணிக்குப் போவதானால்

2007-ல் தொடங்கிய இ.எஃப்.ஐ. (என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா) அமைப்பு ஏரி, குளச் சீரமைப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. கடற்கரையில் பல குழுக்கள் இருக்கின்றன. வேலை எளிது, ஆனால் சில விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

- டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள். காலில் புண் இருந்தால் ஏரித் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.
- கெட்டியான ரப்பர் கையுறை, மூடிய ஷூ. மெல்லிய மருத்துவக் கையுறை கண்ணாடிச் சில்லுக்கு நிற்காது.
- நாணலும் சம்பும் குப்பை இல்லை. தாழைக்கோழி அதில்தான் கூடு கட்டும். ஆகாயத்தாமரையை மட்டும், அதுவும் சொன்ன பகுதியில் மட்டும் அகற்றுங்கள்.
- பொறுக்கியதைப் பிரித்து எழுதி வையுங்கள்: எத்தனை பாட்டில், எத்தனை சாஷே, எந்தக் கம்பெனிப் பெயர்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதி வைத்தால்தான் அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று மாநகராட்சியிடம் பேச முடியும். எழுதாமல் அள்ளினால் அடுத்த மாதமும் அதே குப்பையைத்தான் அள்ளுவோம். கிளம்பும் முன் மூட்டைகள் எங்கே போகின்றன என்றும் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளோடு

பிள்ளைகளிடம் பெயர் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரு முழ நூலை வட்டமாகக் கட்டி மணலிலோ புல்லிலோ போட்டுவிட்டு, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். எறும்பு, கிளிஞ்சல் துண்டு, விதை, ஏதோ ஒன்றின் கழிவு என்று அவர்களே அடுக்குவார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலை சாயங்காலம் மடிவதைக் காட்டுங்கள். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலையில் சிவப்பதை ஒரே நாளில் இரண்டு தடவை போய்ப் பார்க்க வையுங்கள். எலியட்ஸ் கடற்கரையில் பல்லுயிர் அறக்கட்டளையினர் கரை நடை நடத்துகிறார்கள், அலை ஒதுக்கிப் போட்ட சிப்பியிலும் நண்டிலும் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே தெரியும். அடையாறில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது, பள்ளிகள் அங்கே மாணவர்களை அழைத்துப் போகலாம்.

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கும். பல இடங்களில் ஜூன் 5 அன்று ஒரு பேரணியோடு அது முடிந்துவிடுகிறது. அதை நடத்தும் ஆசிரியரிடம் போய், ஒரு வகுப்புக்கு ஒரு மரம் என்று எடுத்து வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் குறிக்கலாமா என்று கேளுங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டம் இதற்கென்றே இருக்கிறது, பதிவது இலவசம்.

எந்தக் குழுவை நம்புவது

ஒரு குழு நல்லதா என்று பார்க்க எனக்கு மூன்று கேள்வி போதும். அதே இடத்துக்கு அடுத்த மாதமும் போகிறார்களா? உள்ளூர் மக்களை, மீனவர்களை, துப்புரவுப் பணியாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? பறவைக் கூட்டுக்குக் கிட்டே போய்ப் படம் எடுப்பவரை, குரல் பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பவரைத் தடுக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் கூச்சப்படாமல் சேருங்கள். சான்றிதழுக்கென்று பணம் கேட்டால், ஒரே நாளில் ஆயிரம் கன்று என்று பேனர் கட்டினால், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

சில குழுக்களில் பேச்சு முழுக்க ஆங்கிலத்திலேயே ஓடும். தமிழில் சொல்லுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நடத்துகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே மாற்றிக்கொள்வார்கள், பின்னால் நிற்கும் இன்னும் நாலு பேருக்கும் அது உதவும்.

வேறு ஊரில் இருந்தால்

கோவையில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஞாயிறுதோறும் களத்தில் இருக்கும், சிங்காநல்லூர் குளத்தில் பறவை நடைகள் நடக்கும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தைக் கேளுங்கள். சேலத்தில் பறவையியல் கழகம் இருக்கிறது. ஆரோவில் பக்கம் சாதனா வனத்தில் தங்கி வேலை செய்யலாம். எந்த மாவட்டமானாலும் வனத்துறை வருடத்தில் இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. டிசம்பரிலேயே மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

ஒரு வருடம் கழித்து

அதற்குள் உங்கள் பேட்டையில் உங்களுக்கென்று ஓர் இடம் அமைந்திருக்கும். அங்கே நீங்களே ஒரு நடை நடத்துங்கள். அரை கிலோமீட்டர் தூரம் போதும். முந்தின நாள் அதே நேரத்தில் போய் வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், கடைசியில் நிற்பவருக்குக் கேட்காது. நீர்நிலையாக இருந்தால் நீர்வளத்துறையிடமோ மாநகராட்சியிடமோ சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், காவலருக்கும் தகவல் தெரிந்திருக்கட்டும். முதல் நடைக்குத் தெருவில் பூ விற்கும் அக்காவையும் குடியிருப்புக் காவலாளி அய்யாவையும் கூப்பிடுங்கள். அந்த மரத்தில் எந்த மாதம் கொக்கு கூடு கட்டும், எந்த வருடம் ஏரி நிறைந்து தெருவுக்கு வந்தது என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.